காலமானவர்களுக்குக் கடிதம் அனுப்புவதில்லை

புதன்கிழமைகளில் மதியம் ஒன்றேகால் மணிக்கு நான் எலுமிச்சைக் கேக்குடன் லவோன் ஹ்ராடெக் வீட்டுக்குப் போவேன். ஒரு மணிக்கு அவர் பார்க்கும் தொடர் முடிந்துவிடும். மூன்று மணிக்கு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். இடைப்பட்ட நேரம் என்னுடையது. ஏழு ஆண்டுகளாக இதில் மாற்றமில்லை.

கேக்கை நானே செய்வேன். கடையில் வாங்கியதென்றால் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார்.

“என்ன டார்லிஸ், இந்த வாரம் என்னை ஏமாத்தப் பாக்கறியா?” என்று தட்டை என் பக்கம் தள்ளுவார்.

எண்பத்தொரு வயது. முழங்கால் வலியைத் தவிர உடம்பில் ஒரு குறையும் இல்லை. இதை நான் மறைக்கவில்லை. அவர் நோயில் கிடந்தார், எப்படியும் போகிறவர்தான் என்று சொன்னால் உங்களுக்கும் எனக்கும் எளிதாக இருக்கும். அது உண்மையில்லை.

பதிவுக்காக என் வேலையைச் சொல்லச் சொன்னீர்கள், அதிகாரி ஷ்ராம். என் பெயர் டார்லிஸ் பெக்மன். வயது ஐம்பத்தெட்டு. நம் மாவட்டத்துச் சமுதாயக் கல்லூரிக்கு நன்கொடை திரட்டுகிறேன். பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அரசு தருவது சம்பளத்துக்கும் விளக்கெரியவும் போதும். மற்றதெல்லாம் யாரோ ஒருவர் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து சரி என்று சொன்னதால் வந்தது. வெல்டிங் கூடம் ஒரு டிராக்டர் வியாபாரி தந்தது. நூலகக் கூரை, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத மூன்று சகோதரிகள் தந்தது. அவர்களைத் தனித்தனியாக மூன்று முறை பார்த்தேன்.

பணம் கேட்பதுதான் இந்த வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். வருடத்துக்குப் பத்து நிமிடம்கூட நான் பணம் கேட்டதில்லை. மீதி நேரம் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் பேசுவார்கள். அலுவலகம் திரும்பியதும் அவர்கள் சொன்னதைக் கணினியில் அவரவர் பக்கத்தில் எழுதிவைப்பேன். லவோனின் பக்கம் நீளமானது. எந்த முழங்கால் வலிக்கிறது, கணவர் எமிலுடன் கடைசியாக எதற்குச் சண்டை, கன்சாஸில் இருக்கும் தங்கை எந்தக் கிழமை போன் செய்வாள், பக்கத்து வீடு எவ்வளவு தூரம். பக்கத்து வீடு ஒன்றரை மைல். இது எல்லோருக்கும் எழுதுவதுதான். குளிர்காலத்தில் தனியாக இருப்பவர்களை நாங்கள் விசாரித்துக்கொள்வது வழக்கம்.

நர்சுகளுக்கான கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் நர்சிங் மாணவிகள் கடைத்தெருவில் மூடிப்போன ஒரு செருப்புக் கடையில் படிக்கிறார்கள். இரண்டு கட்டில். ஊசி போட்டுப் பழக ஒரு ரப்பர் பொம்மை. அதற்கு ஒரு கை இல்லை. மாவட்ட மருத்துவமனையில் நர்சுகள் கிடைக்காமல் பிரசவப் பிரிவை மூடிவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெண் நெடுஞ்சாலை ஓரத்தில், பிக்கப் வண்டியில் பிரசவித்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அந்த அழைப்புக்குப் போனவர்களில் நீங்களும் ஒருவர் என்று கேள்விப்பட்டேன்.

ஓமாஹாவில் ஒரு பெரிய அறக்கட்டளை எங்களுக்கு ஒரு வாய்ப்புத் தந்தது. மார்ச் முடிவதற்குள் கட்டடச் செலவில் பாதிக்கு நாங்கள் உறுதி காட்டினால், மறுபாதியை அவர்கள் தருவார்கள். எங்கள் பாதியில் பெரும்பங்கு லவோனின் நிலம். நூற்றறுபது ஏக்கர். தனக்குப் பின் அது கல்லூரிக்கு என்று ஐந்து வருடத்துக்கு முன்பே உயில் எழுதியிருந்தார்.

அன்று நிலத்தைக் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்ட பிறகு பேசக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுத்தருவது இதுதான். வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்து யார் பேசுகிறாரோ அவர் இறங்கிவருவார். லவோன் நான்கு நிமிடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

“சரி” என்றார். “எமிலுக்கும் எனக்கும் புள்ள இல்ல. அந்த மண்ணு யாரையாவது படிக்க வெக்கட்டும்.”

அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் கேலி செய்வார். “நீ கேக்கோட வந்தா எனக்குப் பயமா இருக்கு. போன தடவை ஒரு தட்டு கேக்குக்கு நூத்தறுபது ஏக்கர் வாங்கிட்ட. இன்னைக்கு என்ன, வீடா?”

எனக்கு அவரைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை முழுக்கப் பனி கொட்டியது. புதன்கிழமை காலை சாலை திறந்தார்கள். நான் வழக்கம்போல ஒன்றேகாலுக்குப் போனேன். வழக்கமாக அவர் வீட்டு முன் பனியை வாரிவிடுவது காரெட் ஸ்லாமா. பதினோரு வருடமாக அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர். அந்த வாரம் அவர் ஊரில் இல்லை. அவர் மனைவிக்கு ஏழு வாரம் முன்னதாகவே பிரசவம் ஆகி, தாயும் குழந்தையும் ஓமாஹா மருத்துவமனையில் இருந்தார்கள்.

“ஒரு ஷூ அளவுதான் இருக்குதாம் குழந்தை” என்றார் லவோன். “போன்ல காரெட் அழுவறான். ஆறடி ஆம்பளை. நல்லாருக்கும்டா, போய்த் தூங்குன்னு சொன்னேன்.”

“நல்லாருக்கும்” என்றேன்.

அவர் கேக்கைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வக்கீல் லெட்டர் வந்து நீ தெரிஞ்சுக்கிட்டா நல்லாருக்காது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவரைப் பாக்கப் போறேன். நிலத்தைக் காரெட் பேருக்கு மாத்தி எழுதறேன்.”

நான் தட்டை மேசையில் வைத்தேன்.

“முழுசாவா?”

“பாதி நிலத்துல எவன் பொழைப்பான்? முழுசாத்தான். எமிலோட அப்பா குத்தகைக்காரராவே செத்தாரு. உழுறவன் அப்படிச் சாகக் கூடாது. அந்தக் குழந்தைக்கு ஒரு மண்ணு வேணும்.”

“காலேஜுக்குத் தர்றதா சொன்னீங்களே?”

“காலேஜுக்கு என் பியானோவத் தர்றேன்.”

“எங்ககிட்ட சங்கீத வகுப்பே இல்லியே, லவோன்.”

“அப்ப ஆரம்பிங்க.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“கோவமா?”

“இல்ல.”

“பொய் சொன்னா உன் காது செவக்கும். ஏழு வருஷமா பாக்கறேன்.”

நான் நியாயமான ஒன்றைத்தான் கேட்டேன். உயிலை இப்போது மாற்ற வேண்டாம், மார்ச் முடியும்வரை பொறுத்திருங்கள், ஓமாஹாக்காரர்கள் கையெழுத்திட்ட பிறகு விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ஏழு வாரம். அவ்வளவுதான்.

“அது அவங்களை ஏமாத்தறது ஆச்சே, கண்ணு.”

“ஏழு வாரம்தான், லவோன்.”

பிறகு நான் பேசவில்லை. குளிர்ப்பெட்டியின் மோட்டார் ஓடி, நின்றது. வெளியே கூரையிலிருந்து பனி ஒரு கட்டியாக விழுந்தது. லவோன் முள்கரண்டியால் கேக்கைச் சின்னச் சின்னதாக வெட்டிச் சாப்பிட்டார். அவசரமில்லாமல் சாப்பிட்டார். கடைசித் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தார். கண் என் மேலேயே இருந்தது.

முதலில் பேசியது நான்தான். பத்தொன்பது ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை.

“சரி, பரவால்ல” என்றேன்.

“அப்படிச் சொல்லு. போறப்ப அந்த நடைபாதைய கொஞ்சம் வாரிவிட்டுப் போறியா? வெள்ளிக்கிழமை நான் வெளிய போகணும், வழுக்கி விழுந்தேன்னா வக்கீல் என்னத் தூக்கிட்டுத்தான் போகணும்.”

பனி வாரும் ஷவல் வாசலில் சாய்ந்திருந்தது. நடைபாதையைச் சுத்தம் செய்தேன். அரைமணி நேரம் ஆனது. இரண்டு நாற்பதுக்கு வண்டியை எடுத்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் முதல் நாள் என்னை நிறுத்தினீர்கள். இன்று நிறுத்தவில்லை. நன்றி. அலுவலகத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு தவறு செய்தேன். நன்கொடையாளர் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். அவர் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அட்டையை என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். எங்கள் தொழிலில் பணம் கிடைக்காமல் போவது குற்றமில்லை. இறந்தவர் பெயருக்குக் கடிதம் அனுப்புவதுதான் குற்றம். அன்றிலிருந்து எந்தக் கடிதம் தபாலுக்குப் போனாலும், போவதற்கு முன் பட்டியலை நானே பார்ப்பேன். காலையில் உள்ளூர்ச் செய்தித்தாளில் முதலில் படிப்பது இரங்கல் பக்கம். கணினியில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ‘காலமானார்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தொட்டால் அந்தப் பெயருக்கு இனி எதுவும் போகாது. பதினெட்டு ஆண்டுகளாக ஒரு கடிதம்கூடத் தவறிப்போனதில்லை.

அந்தப் புதன்கிழமை வசந்தகால விருந்துக்கான அழைப்புகள் நாலு மணித் தபாலுக்குப் போக இருந்தன. மூன்று மணிக்கு அலுவலகம் வந்தேன். கோட்டைக் கழற்றி மாட்டினேன். கணினியைத் திறந்தேன். பட்டியலைப் பார்த்தேன். ஹ்ராடெக், லவோன். கட்டத்தைத் தொட்டேன். மணி மூன்று பன்னிரண்டு. மணியை நான் பார்க்கவில்லை. கணினி பார்த்துவைத்துக்கொண்டது.

அதைச் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை போனது. தங்கை வந்து தபால்பெட்டியைத் திறக்கும்போது, விருந்துக்கு வாருங்கள் என்று ஒரு அட்டை கிடக்கக் கூடாது. அவ்வளவுதான். அதில் மரியாதையைத் தவிர வேறெதுவும் இல்லை.

என்னுடன் வேலை செய்யும் ஜோலீன் உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு குறையுதே. லவோன் கவர் எங்க?”

“அவங்களுக்கு நானே நேர்ல குடுத்துக்கறேன்.”

“எனக்கும்தான் ஒரு கேக் செஞ்சு குடேன், டார்லிஸ். நானும் கிழவிதான்.”

“உன்கிட்ட நிலம் இல்லியே” என்றேன். இருவரும் சிரித்தோம்.

அன்று மாலை ஏழு மணிக்கு லவோன் தங்கையுடன் போனில் பேசியிருக்கிறார். கேக் நன்றாக இருந்தது, டார்லிஸ் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது நீங்கள். கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிவரை காத்திருந்துவிட்டு வக்கீல் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். கதவை உடைத்துத் திறந்தீர்கள். லவோன் நாற்காலியில் இருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டரின் நச்சுக்காற்று வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள் திரும்பியிருக்கிறது என்றார் டாக்டர். புதன்கிழமை இரவே முடிந்திருக்கும், வலி தெரிந்திருக்காது, தூக்கம் வருவதுபோல் இருந்திருக்கும் என்றார். அது சரிதான். எங்கள் கல்லூரியில் ஹீட்டர் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஆசிரியர் ஒவ்வொரு டிசம்பரும் கல்லூரி இதழில் அதைப் பற்றி எழுதுவார். குழாய் வாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. தூக்கம் வருவதுபோல் இருக்கும் என்பது அவருடைய வரி. பிழை திருத்துவது நான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அடக்கம். தேவாலயத்தில் நான்தான் பேசினேன். தங்கை கேட்டுக்கொண்டார். கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் காப்பியும் வைத்திருந்தார்கள். காரெட் ஓமாஹாவிலிருந்து வந்திருந்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். கோட்டுக் கை குட்டையாக இருந்தது. இரவல் கோட்டு.

“பனி பேஞ்சா முதல் வேலையா அந்தக் குழாயச் சுத்தி நான்தான் வாரிவிடுவேன், டார்லிஸ்” என்றார். “பதினோரு வருஷமா. அந்த ஒரு வாரம் நான் இல்ல.”

“நீங்க எங்க இருக்கணுமோ அங்கதான் இருந்தீங்க.”

“ஒரு போன் பண்ணி யாரையாவது அனுப்பியிருக்கலாம். தோணவே இல்ல. குழந்தை, குழந்தைன்னே இருந்துட்டேன்.”

“அதையே நெனச்சுட்டிருக்காதீங்க.”

“நான்தான் கொன்னுட்டேன்னு தோணுது.”

அவர் அழுதார். கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதை அப்போது திருத்த என்னால் முடியாது என்பது உங்களுக்குப் புரியும்.

அடுத்த வாரம் லவோன் நினைவாக என்று கல்லூரிக்கு இருநூறு டாலர் அனுப்பினார். எங்கள் வழக்கப்படி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள், கையால் நன்றிக் கடிதம் எழுதினேன். அவருக்கு மருத்துவமனைச் செலவு இருந்த நேரம். அதனால் இரண்டு வரி கூடுதலாக எழுதினேன்.

கல்லூரி நிர்வாகக் குழுவில் லவோனின் நிலம் வந்துசேர்ந்ததை அறிவித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். செருப்புக் கடையில் பாடம் நடத்தும் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அறையில் இருந்திருந்தால் உங்களுக்கும் இது வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

ஜோலீன் கண்டுபிடித்தாள் என்று சொல்வது சரியில்லை. அவள் லவோன் பக்கத்தில் ‘காலமானார்’ என்று பதியப் போனாள். ஏற்கனவே பதிந்திருந்தது.

“டார்லிஸ், இங்க பாரேன். புதன்கிழமைன்னு காட்டுது. நமக்கே வெள்ளிக்கிழமைதானே தெரியும்?”

“தேதி தப்பா விழுந்திருக்கும்.”

“இருக்கும். இந்த மெஷினைக் கொளுத்தணும்.”

அவள் அதை மறந்துவிட்டாள். காரெட்தான் உங்களிடம் வந்தார். பனி உருகி வடிந்த பிறகும் ஹீட்டர் குழாய் இருக்கும் சுவரோரம் மட்டும் ஒரு மேடு பாறைபோல நின்றிருந்ததாம். வானத்திலிருந்து விழுந்த பனி அப்படி இருக்காது என்றாராம். பிறகு நீங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஜோலீனிடம் பேசினீர்கள். அவளுக்கு அந்தத் தேதி நினைவுக்கு வந்தது. எனக்காக வாதாடினாள். கணினியின் தவறாக இருக்குமோ என்று நீங்களே அவளுக்கு ஒரு வழி காட்டியிருக்கிறீர்கள்.

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணலாம் சார், டார்லிஸ் பண்ண மாட்டா. பத்தொன்பது வருஷத்துல ஒரு பதிவு தப்பாப் போட்டதில்ல” என்றாளாம். அவள் எப்போதும் எனக்கு உண்மையாக இருந்திருக்கிறாள்.

அன்று இதே அறையில் நீங்கள் கேட்டீர்கள்.

“மேடம், புதன்கிழமை மூணு பன்னண்டுக்கு லவோன் உசுரோட இருந்தாங்க. அது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் அந்தக் கட்டத்தத் தொட்டீங்க?”

பிறகு நீங்கள் பேசவில்லை. நான் உங்களைக் கவனித்தேன். நாற்காலியில் அசையவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். வெளியே யாரோ காப்பி இயந்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு இதை யார் கற்றுத்தந்தார்கள் என்று தெரியவில்லை. நன்றாகக் கற்றுத்தந்திருக்கிறார்கள்.

“லெட்டர் சனிக்கிழமைதான் போய்ச் சேரும்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நீங்கள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தீர்கள்.

இப்போது சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹீட்டர் குழாய்கள் வடக்குச் சுவரில் இருக்கின்றன. நடைபாதையை ஒட்டி, முழங்கால் உயரத்தில். இரண்டு வெள்ளைக் குழாய்கள். செவ்வாய்க்கிழமைப் பனி அவற்றுக்கு ஒரு சாண் கீழேதான் நின்றிருந்தது. குழாய் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வாரிய பனியை எங்காவது போட வேண்டும். இடது பக்கம் லவோனின் ரோஜாச் செடிகள், சாக்கு சுற்றி நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றின்மேல் போடக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். வலது பக்கம் போட்டேன்.

முதல் நாள் உங்களிடம் இத்தோடு நிறுத்திக்கொண்டேன். அது பொய்யில்லை. முழுவதும் இல்லை.

நடைபாதை சுத்தமானபோது ஒரு குழாய் மறைந்திருந்தது. இன்னொன்றின் மேல் பாதி தெரிந்தது. நடைபாதையில் வாருவதற்கு இனிப் பனி இல்லை. புல்வெளிக்குப் போய் எடுத்துவந்தேன். பன்னிரண்டு ஷவல் என்று நினைக்கிறேன். லேசான பனி சரிந்துவிடும். அதனால் ஷவலின் பின்புறத்தால் தட்டி இறுக்கினேன். ஆவி நின்றது. நிமிர்ந்தபோது லவோன் ஜன்னலில் இருந்தார். நடைபாதையைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் கையசைத்தேன்.

பாட்டரியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முந்தின புதன்கிழமை அவர் வீட்டு நச்சுக்காற்று எச்சரிக்கைக் கருவி பாட்டரி தீர்ந்து கீச்சிட்டுக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஏறிக் கழற்றிக்கொடுத்தது நான். அடுத்த வாரம் புதிது வாங்கி வருகிறேன் என்றேன். வாங்கினேன். கைப்பையில் இருந்தது. சாவி எடுக்கக் கைவிட்டபோது விரலில் தட்டுப்பட்டது. அது ஷவலை ஓரமாகச் சாய்த்துவைத்த பிறகு. வண்டிக்குப் போகும் முன் திரும்பி உள்ளே போய் மாட்டியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆகவே இரண்டு முறை எனக்கு வாய்ப்பு இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கோபத்தில் செய்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் மனம் மாறியது அவர் உரிமை. ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் சொன்ன சொல் உயிரோடுதான் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசித்துச் சொன்ன சொல். அது மாறாமல் பார்த்துக்கொண்டேன். எனக்கென்று ஒரு டாலர்கூட எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

நேற்று கல்லூரித் தலைவர் என்னைப் பார்க்க இங்கே வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்த நிலத்த நாங்க தொடப் போறதில்ல, டார்லிஸ். காரெட்டுக்கே போற மாதிரி வக்கீல்கிட்ட பேசியாச்சு. லவோனோட தங்கச்சியும் சரின்னுட்டாங்க.”

“மார்ச் முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு.”

“என்ன சொல்றீங்க?”

“பதினெட்டு நாள்.”

“நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குப் புரியுதா?”

“புரியுது. பாதியில நிக்குது.”

அவர் ரிசீவரை மாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் நல்ல மனிதர். ஆனால் கேட்கத் தெரியாது. யார் வீட்டுக்கும் போய் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார அவரால் முடியாது. ஜோலீனுக்கும் பழக்கமில்லை. பதினெட்டு நாளில் வாசல் வாசலாக ஏற முடியாது. ஒரு வாசல் போதும். சரியான வாசலாக இருக்க வேண்டும். நேற்று முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பட்டியல் எனக்கு மனப்பாடம்.

நான் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்து நீட்டினீர்கள். ஒன்பது பக்கம். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் மேடம் என்றீர்கள். நாலாம் பக்கத்தில் ஒரு தேதியைத் திருத்தினேன். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்திட்டேன். கடைசிப் பக்கத்தில் சாட்சியாக உங்கள் முழுப்பெயர் இருந்தது. ப்ரென்ட் ஆல்வின் ஷ்ராம். ஆல்வின் உங்கள் அப்பா. போன இலையுதிர்காலத்தில் அவர் இறந்தபோது இரங்கல் அட்டை எழுதியது நான். ஆற்றை ஒட்டி முந்நூற்றிருபது ஏக்கர், கடனில்லாத நிலம். உங்கள் அம்மா எங்கள் நர்சிங் வகுப்பில் முதல் பேட்சில் படித்தவர். அந்தச் செருப்புக் கடை எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பேனாவை மூடி உங்களிடம் கொடுத்தேன்.

“ப்ரென்ட், ஆத்தோரத்து வீட்டுல அம்மா இப்பவும் தனியாத்தான் இருக்காங்களா?”